தோல்வியறியா அணியும் கிடைக்காத அழைப்பும்: 1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணி

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்கள் அடைந்த மாற்றம் அந்நாட்டின் சமூக வரலாற்றில் தனித்து நோக்கற்பாலது. யுத்தத்திலிருந்து மீண்ட போர்வீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்பதற்கு வழிசெய்த சட்டம் 1944 யூன் மாதத்தில் நிறைவேறியது. 1947ஆம் ஆண்டளவில் உயர்கல்வி நிறுவனங்களில் அனுமதி பெற்றோருள் ஏறக்குறைய அரைப்பங்கினர் முன்னாள் போர்வீரராகவே இருந்தனர். அதுவரை வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கே பெரிதும் உரியதாயிருந்த பல்கலைக்கழக வாயில், சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கும் குடியேறிய கடைக்காரனின் மகனுக்கும் திறந்தது. கறுப்பின இளைஞர்க்கும் அது ஓரளவு திறந்தது. எந்த அளவுக்குத் திறந்தது, எந்த இடத்தில் மூடிக்கொண்டது என்பதை அறிய விரும்புவோர்க்கு, சட்டப் புத்தகங்களைப் போலவே விளையாட்டு மைதானங்களும் சான்று தருகின்றன. அத்தகைய சான்றுகளுள் ஒன்று, 1951ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் சான் பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணி ஆடிய ஒன்பது ஆட்டங்களும், அது ஆடாது விட்ட பத்தாவது ஆட்டமுமாகும்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நாம் அப்பெயரால் அறிந்த ஆட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படுவதால், அது நம்மிடையே வழங்கும் றகர் ஆட்டத்திற்கே உறவானது. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து கொண்டுசேர்ப்பதே அதன் நோக்கம். அணிக்குப் பதினொருவர். செப்டெம்பரில் தொடங்கும் பருவம் நவெம்பர் முடிவோடு ஓயும். அதன்பின், சிறந்து விளங்கிய அணிகள் புத்தாண்டை அண்டிச் சில நகரங்களில் நடைபெறும் கிண்ணப் போட்டிகளுக்கு அழைக்கப்படும். கலிபோர்னியாவிலுள்ள பசடீனா நகரின் றோஸ் கிண்ணமே இவற்றுள் மூத்தது. மயாமியின் ஒறேஞ் கிண்ணம், நியூ ஓர்லியன்சின் சுகர் கிண்ணம், எல் பாசோவின் சன் கிண்ணம் ஆகிய மூன்றும் 1935இல் தொடங்கின. டலசின் கொற்றன் கிண்ணம் 1937இலும் யக்சன்வில்லின் கேற்றர் கிண்ணம் 1946இலும் தோன்றின.

இப்பட்டியலில் ஒன்று கவனிக்கத்தக்கது. றோஸ் கிண்ணம் ஒழிந்த ஏனையவை யாவும் தென் மாநிலங்களின் நகரங்களில் நடைபெற்றன. 1896இல் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் நிழலில், பாடசாலை முதல் புகையிரதப் பெட்டி வரை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் வேறுவேறாக வகுத்து வைத்திருந்த மாநிலங்கள் அவை. கிண்ணப் போட்டிகளை நடத்தியோரும் பல்கலைக்கழகத்தார் அல்லர். உல்லாசப் பயணிகளை வரவழைக்க விரும்பிய நகர வர்த்தகப் பிரமுகர்களே அக்குழுக்களில் அமர்ந்திருந்தனர். எந்த அணியை அழைப்பது என்பது முற்றாக அவர்களது விருப்பம். அழைக்காமைக்கு அவர்கள் எவருக்கும் காரணம் கூறவேண்டியதில்லை. பிற்கால ஆய்வாளனுக்கு இடர் தரும் விடயம் இதுவே. சட்டத்தால் விலக்கப்பட்டவனுக்குச் சட்டம் சான்றாகும். மௌனத்தால் விலக்கப்பட்டவனுக்குச் சான்று தேடுவது எளிதன்று.

எனினும் அம்மௌனம் எப்போதும் முழுமையாய் இருந்ததில்லை. தெற்கத்திய அணியொன்றுடன் ஆட நேரும்போது வடக்கத்திய பல்கலைக்கழகங்கள் தம் கறுப்பின வீரரை வீட்டில் விட்டுச் செல்வது யுத்தத்திற்கு முன் வழக்கமாயிருந்தது. இதற்குக் கனவான்களின் உடன்பாடு என்று பெயர். நியூயோர்க் பல்கலைக்கழகம் 1940இல் லெனாட் பேற்ஸ் என்பவரை இவ்வாறு விலக்கியபோது மாணவர் திரண்டு எதிர்த்தனர். எதிர்ப்பில் முன்னின்ற எழுவர் அடுத்த ஆண்டில் இடைநிறுத்தப்பட்டனர். அந்நிறுவனம் அதற்கு வருத்தம் தெரிவிக்க அறுபது ஆண்டுகள் சென்றன. யுத்தம் முடிந்த பின் நிலைமை சிறிது சிறிதாக அசையத் தொடங்கியது. தன் கறுப்பின வீரரை விட்டுச் செல்ல மனமின்றிப் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரி 1946இல் மயாமி ஆட்டத்தையே கைவிட்டது. 1948இல் டலசில் நடைபெற்ற கொற்றன் கிண்ணப் போட்டியில் அதே கல்லூரி வாலஸ் திரிப்லெற், டெனி ஹொகார்ட் என்னும் இரு கறுப்பின வீரரோடு ஆடியது. நகர விடுதிகள் இடந்தராத காரணத்தால் அணி முழுவதும் புறநகரின் கடற்படை விமானத்தளத்தில் தங்க நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் லபாயெற் கல்லூரிக்குச் சன் கிண்ண அழைப்பு வந்தது. டேவிட் ஷோவெல் என்ற கறுப்பின வீரர் ஆடக்கூடாதென்பது நிபந்தனை. அழைப்பு மறுக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு நேர்ந்தது புதுமையான நிகழ்வு அன்று; அதற்கு முன்னோடிகள் இருந்தன. ஆனால் அந்த அணி கொடுத்த விலை ஏனையோர் கொடுத்ததிலும் பெரிது. இழந்ததும் வேறு எவரும் இழவாதது.

சான் பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகம் 1855இல் யேசு சபையினரால் புனித இக்னேசியஸ் பெயரில் தொடங்கப்பெற்றது. 1930இலிருந்து இப்போதைய பெயரைத் தாங்கி வருகின்றது. அயலிலிருந்த கலிபோர்னியா, ஸ்ரான்போட் முதலிய பெரும் பல்கலைக்கழகங்களுடன் ஒப்பிடுகையில் அது சிறிய கத்தோலிக்க நிறுவனமே. அதற்கெனப் பெரிய மைதானம் இல்லை. நகரசபைக்குரிய கீசர் மைதானத்திலேயே அதன் ஆட்டங்கள் நடைபெற்றன. அதே மைதானத்தைத்தான் 1946இல் தோன்றிய தொழில்முறைக் கழகமான போர்ட்டி நைனர்சும் பயன்படுத்தியது. அக்கழகம் 1950இல் தேசிய உதைபந்தாட்டக் கூட்டிணைப்பில் சேர்ந்த பின்னர், நகர மக்களின் பணமும் ஆர்வமும் பெரிதும் அதன்பாற் சென்றன. ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்தவன் மறுவாரம் கல்லூரி அணியைப் பார்க்கவும் நுழைவுச்சீட்டு வாங்குவான் என எதிர்பார்ப்பது கடினம்.

இந்தச் சிறிய நிறுவனத்துக்கு ஜோ குகாரிச் 1948இல் தலைமைப் பயிற்றுநராக வந்தார். கடுமையான மனிதர் என்பது அவரிடம் பயின்றோர் அனைவரும் ஒருமுகமாகக் கூறுவது. பருவத்துக்கு முந்திய பயிற்சி முகாம் வட கலிபோர்னியாவின் கோர்னிங் என்னும் வெயில் காயும் சிற்றூரில் நடைபெற்றது. அம்முகாமைத் தாங்கியோர் எந்த ஆட்டத்தையும் தாங்குவர் என்பது பிற்காலத்தில் அவ்வணியினரின் நகைச்சுவையாயிற்று. விளையாட்டுச் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் பொறுப்பில், அப்பல்கலைக்கழகத்திலேயே பட்டம்பெற்ற பீற் றொஸெல் என்ற இளைஞர் இருந்தார். 1960 முதல் 1989 வரை தேசிய உதைபந்தாட்டக் கூட்டிணைப்பின் ஆணையாளராக இருந்து, அதனை அமெரிக்காவின் மிகச் செல்வம் மிக்க விளையாட்டு நிறுவனமாக வளர்த்தவர் அவரே.

அணியின் உறுப்பினர் எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தனர் என்பது மேலே கூறிய யுத்தத்திற்குப் பிந்திய மாற்றத்தை நன்கு புலப்படுத்தும். ஜீனோ மார்கெற்றி இத்தாலியக் குடியேறிகளின் மகன். பதினெட்டு வயதில் படையிற் சேர்ந்து, 1944–45 குளிர்காலத்தில் ஐரோப்பிய முனையில் நடந்த பெருஞ்சமரில் துப்பாக்கி ஏந்தியவர். யுத்தத்தைக் கண்டு திரும்பிய ஒருவன் பயிற்றுநரின் அதட்டலுக்கு எவ்வளவு அஞ்சியிருப்பான் என்பது வேறு விடயம். பொப் செயின்ற் கிளெயர் ஆறடி ஒன்பதங்குல உயரமானவர். சான் பிரான்சிஸ்கோவிலேயே வளர்ந்தவர். பந்தை எறியும் பொறுப்பு எட் பிறவுணுக்குரியது.

இரு கறுப்பின வீரர்களும் தெற்கிலிருந்து வந்தவர்கள் என்பதை மறந்துவிடல் ஆகாது. ஒல்லி மற்சன் 1930இல் ரெக்சாஸ் மாநிலத்திலும், பேர்ல் ரோலர் 1928இல் தென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரிலும் பிறந்தனர். யுத்த காலத்திலும் அதன் பின்னரும் கறுப்பின மக்கள் தொழிலும் மதிப்பும் நாடித் தெற்கிலிருந்து மேற்குக் கரைக்குப் பெருந்தொகையாகப் பெயர்ந்தனர். இவ்விருவரும் அவ்வலையோடு வந்தவர்கள். 1948இல் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியின் அணியில் ஒன்றாக ஆடினர். அவ்வணி பன்னிரண்டு ஆட்டங்களில் பன்னிரண்டையும் வென்றது. அடுத்து இருவரும் பல்கலைக்கழகத்துக்கு வந்தனர். மற்சன் ஓட்டக்காரர், பேருடலும் பெருவேகமும் ஒருங்கே அமைந்தவர். ரோலர் தடுப்பாளர். அணியின் தடுப்பரணுக்கு நடுத்தூணாக நின்றவர் அவர். பிற்கால எழுத்துக்களில் மற்சனின் பெயரே ஓங்கி ஒலிப்பினும், அணியிற் சிறந்த வீரர் ரோலரே என்று கூறிய தோழர்களும் உளர்.

1951ஆம் ஆண்டின் ஆட்டப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தே அச்சிறு நிறுவனத்தின் நிலை விளங்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகமோ ஸ்ரான்போட்டோ அதில் இல்லை. மாறாக, கொரிய யுத்த காலத்தில் வீரர் நிறைந்திருந்த கேம்ப் பென்டில்ரன் கடற்படைவீரர் தளமும், சான் டியாகோக் கடற்படைப் பயிற்சி நிலையமும் எதிரணிகளாக இடம்பெற்றன. சான் ஹொசே மாநிலக் கல்லூரியோடு ஒரே பருவத்தில் இருமுறை ஆட நேர்ந்தது. பெரியவர்கள் ஆட விரும்பாத அணி கிடைத்தவரோடு ஆடிற்று.

முதல் ஆட்டத்தில் சான் ஹொசே 39–2 என்ற புள்ளிகளில் வீழ்ந்தது. இரண்டாம் முறை சந்தித்தபோது 42–7. ஐடகோ, பென்டில்ரன் ஆகியனவும் தோற்றன. இவற்றைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. பருவத்தின் உண்மையான சோதனை ஒக்டோபரில் நியூயோர்க்கில் போர்டம் பல்கலைக்கழகத்தை எதிர்த்து நடைபெற்றது. கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சென்று, கிழக்கத்திய பத்திரிகையாளர்களின் கண்முன் ஆடும் வாய்ப்பு அது. அக்காலத்தில் நாட்டின் சிறந்த வீரர் யார் என்பது பெரும்பாலும் கிழக்கத்திய பேனாக்களாலேயே தீர்மானிக்கப்பட்டது. றொஸெல் இதனை நன்குணர்ந்திருந்தார். மற்சன் அன்று ஆரம்ப உதையைப் பிடித்து மைதானத்தின் ஏறத்தாழ முழு நீளத்தையும் ஓடிக் கடந்து புள்ளியீட்டினார். ஒரு முறை அன்று, இரு முறை. ஆட்டம் 32–26 என்று முடிந்தது. அப்பருவத்தில் அவ்வணியை எவரேனும் நெருங்கினார்கள் என்றால் அது போர்டம் அணியே.

அதே ஒக்டோபர் 20ஆந் தேதி ஒக்லகோமா மாநிலத்தின் ஸ்ரில்வோற்றர் நகரில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கு குறிப்பிடாமல் அப்பால் செல்ல இயலாது. டிறேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜொனி பிறைற், நாட்டின் முன்னணி ஆட்டக்காரருள் ஒருவர். ஆட்டம் தொடங்கிய ஏழு நிமிடங்களுக்குள் அவர் மூன்று முறை நினைவிழக்குமாறு தாக்கப்பட்டார். தாடை உடைந்தது. தாக்கப்பட்ட வேளையில் பந்து அவரிடம் இருக்கவில்லை. டெமொயின் நகரப் பத்திரிகையொன்றின் படப்பிடிப்பாளர் இருவர் எடுத்த தொடர்படங்கள் இதனை ஐயத்திற்கிடமின்றிக் காட்டின. அப்படங்களுக்கு 1952இல் புலிற்சர் பரிசு கிடைத்தது. குற்றவாளிக்கோ எத்தண்டனையும் கிடைக்கவில்லை. டிறேக் பல்கலைக்கழகம் எதிர்ப்புத் தெரிவித்துத் தன் சங்கத்தை விட்டு விலகியது. ஒக்லகோமாக் கல்லூரியின் வாரிசான பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது 2005இல். பிறைற் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர். தென்திசை நகரமொன்றுக்கு மற்சனையும் ரோலரையும் அழைப்பது அவ்வாண்டில் எதைக் குறித்தது என்பதை உணர, இச்சம்பவத்தை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

நவெம்பரில் சாந்தா கிளாரா அணி 26–7 என்ற புள்ளிகளில் தோற்றது. அதன் பின்னர் ஸ்ரொக்ரன் நகரில் பசுபிக் கல்லூரியுடனான ஆட்டம். மேற்குக் கரையின் சிறந்த அணிகளுள் ஒன்றாகப் பசுபிக் மதிக்கப்பட்டது. வெல்லும் அணிக்குக் கிண்ண அழைப்பு உறுதி என்று பத்திரிகைகள் எழுதின. சான் பிரான்சிஸ்கோ 47–14 என வென்றது. இறுதி ஆட்டம் லொயோலாப் பல்கலைக்கழகத்துடன். அதிலும் 20–2 என வெற்றி. இந்த இறுதி ஆட்டம் பசடீனாவின் றோஸ் கிண்ண மைதானத்திலேயே நடைபெற்றதென்பது ஒரு விநோதம். கிண்ணப் போட்டி நடக்கும் புற்றரையில் கால்பதித்தார்கள். ஆனால் கிண்ணப் போட்டி ஆடவில்லை.

ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி. மற்சன் அப்பருவத்தில் 1,566 யார் தூரம் ஓடி நாட்டின் முதல் ஓட்டக்காரராக விளங்கினார். 21 தடவை பந்தை எல்லை கடத்தினார். இத்தனைக்கும் அவர் தாக்குதலில் மட்டுமன்றித் தடுப்பிலும் நின்று ஆடியவர். நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கு வழங்கப்படும் ஹைஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். பத்திரிகையாளர்களின் இறுதித் தரவரிசையில் அணிக்குக் கிடைத்தது பதினான்காம் இடம்.

அழைப்பு வரவில்லை. அன்றேல், வந்த அழைப்போடு நிபந்தனை ஒன்றும் வந்தது என்பர் அணியினர். இரு கறுப்பின வீரரையும் விட்டுவிட்டு வருவதாயின் இடமுண்டு என்ற செய்தி குகாரிச்சுக்கு எட்டியது. அவர் அதனை வீரருக்கு அறிவித்தார். அவர்கள் அவ்விருவரும் இன்றித் தாம் செல்வதில்லை என்றனர். மார்கெற்றியும் செயின்ற் கிளெயரும் முதுமையில் பலமுறை இவ்வாறே நினைவுகூர்ந்தனர். வாக்கெடுப்பு நடைபெறவில்லை, விவாதமும் எழவில்லை என்பதே இந்நினைவுகளின் சாரம். நிபந்தனை விதித்தது எந்தக் கிண்ணக் குழு என்பதில் நினைவுகள் வேறுபடுகின்றன. சிலர் ஒறேஞ் என்பர். சிலர் கேற்றர் என்பர். அரை நூற்றாண்டு கடந்த நினைவுகளில் இத்தகைய வேறுபாடு தோன்றுவது இயல்பே. கடிதமும் கையொப்பமும் இன்றி வாய்மொழியாய் வருவதே இத்தகைய நிபந்தனையின் தன்மை. எழுதி வைத்தால் அது கனவான்களின் உடன்பாடு ஆகாதல்லவா?

இவ்விடத்தில் எதிர்வாதமொன்றை நேர்மையுடன் ஆராய்தல் அவசியம். அவ்வணியின் ஆட்டப் பட்டியல் வலுவற்றது, ஆகவேதான் அது அழைக்கப்படவில்லை என அக்காலத்தில் கூறப்பட்டது. பட்டியல் வலுவற்றதென்பது உண்மை. அவ்வாண்டில் தோல்வியின்றி முடித்தும் கிண்ணப் போட்டியில் ஆடாத அணிகள் வேறும் இருந்தன என்பதும் உண்மை. மிச்சிகன் மாநிலக் கல்லூரியும் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகமும் அத்தகையன. ஆயின் அவற்றுக்குரிய காரணங்கள் வேறு. சான் பிரான்சிஸ்கோவோ போக விரும்பி, பணத்தேவையும் மிகுந்து, அழைப்புக்குக் காத்திருந்த அணி. மேலும், வலுவற்ற பட்டியல் என்ற வாதம் பசுபிக் கல்லூரியின் முன் நிற்கமாட்டாது. முப்பத்துமூன்று புள்ளி வித்தியாசத்தில் சான் பிரான்சிஸ்கோவிடம் தோற்ற பசுபிக் அணியே 1952 புத்தாண்டில் சன் கிண்ணப் போட்டிக்கு அழைக்கப்பட்டது. அங்கு ரெக்சாஸ் தொழில்நுட்பக் கல்லூரியிடம் 25–14 எனத் தோற்றது. வென்றவனை விடுத்துத் தோற்றவனை அழைப்பதற்குப் பட்டியலின் வலுவைக் காரணம் காட்டவியலாது.

ஆனால் பசுபிக் அணியில் எடி மேக்கன் என்ற கறுப்பின வீரர் இருந்தார் என்பதையும் மறைத்தல் கூடாது. எனவே நிறத்தடை எல்லாத் தெற்கத்திய நகரங்களிலும் ஒரே இறுக்கத்துடன் இருந்ததாகக் கொள்வது பிழையாகும். லபாயெற் கல்லூரியின் மறுப்புக்குப் பின் எல் பாசோவில் அது தளரத் தொடங்கியிருந்தது. பணமும் புகழும் மிக்க பெருங்கிண்ணங்களிலோ அது அசையவில்லை. ஒறேஞ் கிண்ணப் போட்டியில் அவ்வாண்டு ஜோர்ஜியாத் தொழில்நுட்ப நிறுவனமும் பேலர் பல்கலைக்கழகமும் ஆடின. 17–14 என ஜோர்ஜியா வென்றது. கேற்றர் கிண்ணப் போட்டியில் மயாமியும் கிளெம்சனும் ஆடின. இந்நான்கும் அந்நாளில் கறுப்பின மாணவரை அனுமதியாத நிறுவனங்கள். நியூ ஓர்லியன்சின் சுகர் கிண்ணப் போட்டியில் முதற் கறுப்பின வீரராகப் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் பொபி கிறியர் 1956இலேயே ஆட முடிந்தது. அப்போதும் ஜோர்ஜியா ஆளுநர் மார்வின் கிறிபின் தம் மாநில அணி அங்கு செல்லலாகாது எனத் தடுக்க முயன்றார்.

இனி, அவ்வணி கொடுத்த விலையைக் காண்போம். பருவம் முடிந்து சில வாரங்களுக்குள், 1951ஆம் ஆண்டின் இறுதியில், பல்கலைக்கழகம் உதைபந்தாட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தது. கடன் சுமை தாங்க முடியாததாயிருந்தது. ஆட்டம் ஒன்றிலும் தோற்காத அணி அவ்வாண்டோடு கலைந்தது. கிண்ணப் போட்டியொன்றின் வருமானம் கிடைத்திருப்பின் அணி பிழைத்திருக்கும் என்பது பின்னர் பரவிய கூற்று. வீரர்களும் இதை அறிந்தே மறுத்தனர் என்பர். கதைக்கு அழகூட்டும் இக்கூற்றை வரலாறு அப்படியே ஏற்பதற்கில்லை.

சுற்றுமுற்றும் நோக்கினால் இது தெளிவாகும். அருகிலிருந்த புனித மரியாள் கல்லூரி ஓராண்டு முந்தியே உதைபந்தாட்டத்தை நிறுத்திவிட்டது. வோஷிங்டனின் ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகமும் அவ்வாறே. லொயோலா 1951இன் பின்னும், சாந்தா கிளாரா 1952இன் பின்னும், போர்டம் 1954இன் பின்னும் நிறுத்தின. இவை அனைத்தும் நகரங்களை அண்டிய கத்தோலிக்க நிறுவனங்கள் என்பது தற்செயல் அன்று. அரச மானியமோ பெரும் மைதானமோ இவற்றிடம் இல்லை. தாக்குதலுக்கு ஒரு பதினொருவர், தடுப்புக்கு வேறொரு பதினொருவர் என மாற்றி மாற்றி இறக்குவதற்கு அக்கால விதிகள் இடமளித்தமையால், ஓர் அணி வைத்திருப்பதற்கு முன்னிலும் இருமடங்கு வீரரும் அவர்க்கான உதவிப்பணமும் தேவைப்பட்டன. தொழில்முறைக் கழகங்கள் அதே நகரத்தில் அதே பார்வையாளரை ஈர்த்தன. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. ஒரு கிண்ணப் போட்டியின் பங்குப்பணம் ஓரிரு ஆண்டுகளைத் தள்ளிப்போட உதவியிருக்கலாம். அதற்கு மேல் உதவியிராது.

அவ்வாறாயின் மறுப்பின் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று கேட்கலாம். குறையாது என்பதே பொருத்தமான விடை. அணியின் முடிவுக்கு அவர்களது மறுப்பே காரணம் எனக் கூறுவது, நிறவெறியர் செய்த தவற்றின் கணக்கை மறுத்தவர் மேல் எழுதுவதாகும். அவர்கள் இழந்தது வேறு. இருபது இருபத்திரண்டு வயதில் ஒருமுறையே வாய்க்கும் நாடறிந்த மேடையை இழந்தனர். மார்கெற்றி போன்றோர் பின்னர் தொழில்முறை ஆட்டத்தில் அம்மேடையைப் பெற்றனர். ஆனால் அணியிலிருந்த பெரும்பாலானோர்க்கு லொயோலா ஆட்டமே வாழ்நாளின் இறுதி ஆட்டமாயிற்று. இந்த மறுப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புகழ்பெற்ற மூவர் நால்வரையே குறிப்பிடுகின்றனர். பெயர் தெரியாதவர்களே அதிகம் இழந்தவர்கள்.

ரோலரின் வாழ்வு இவ்விரு வகையிலும் அடங்காதது. 1952இல் கிளீவ்லண்ட் பிறவுண்ஸ் கழகம் அவரைத் தெரிவுசெய்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சிக்காகோவில் கல்லூரிச் சிறப்பு வீரர்களுக்கும் தொழில்முறை வாகையர்க்கும் இடையே நடந்த ஆட்டத்தில் முழங்கால் சிதைந்தது. ஆட்டக்காரராக ஒரு நாளேனும் தொழில்முறையில் இறங்காமலே அவர் ஓய்வுற்றார். சான் பிரான்சிஸ்கோவில் ஆசிரியராகி, பின்னர் பெஞ்சமின் பிராங்கிளின் பாடசாலையின் அதிபரானார். அந்நகரின் இடைநிலைப் பாடசாலையொன்றுக்குத் தலைமை தாங்கிய முதற் கறுப்பினத்தவர் அவரே. 1965இல் தேசிய உதைபந்தாட்டக் கூட்டிணைப்பு அவரை மத்தியஸ்தராக நியமித்தது. அமெரிக்காவின் பெரும் தொழில்முறை விளையாட்டுக்கள் எதிலும் அதற்கு முன் கறுப்பின மத்தியஸ்தர் ஒருவர் இருந்ததில்லை. அக்காலத்து ஆணையாளர் பீற் றொஸெல் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இருபத்தைந்து பருவங்கள் ரோலர் அப்பணியில் இருந்தார். 1980இல் இறுதி வாகையர் போட்டியிலும் மத்தியஸ்தருள் ஒருவராக நின்றார். வார நாட்களில் பாடசாலை அதிபர். ஞாயிற்றுக்கிழமைகளில், வெள்ளை வீரரும் கறுப்பு வீரரும் கலந்து ஆடும் களத்தில் தீர்ப்புரைப்பவர்.

மற்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலமும், நால்வர் அஞ்சலோட்டத்தில் வெள்ளியும் பெற்றார். சிக்காகோ கார்டினல்ஸ் கழகம் அவரைத் தெரிவுசெய்தது; குகாரிச்சும் அவ்வாண்டு அக்கழகத்துக்கே பயிற்றுநராகச் சென்றார். 1959இல் லொஸ் அஞ்சலிஸ் கழகம் மற்சன் ஒருவருக்காக ஒன்பது பேரை மாற்றீடாகக் கொடுத்தது. மார்கெற்றி போல்ரிமோர் அணியின் தலைவராக 1958இலும் 1959இலும் வாகை சூடினார். செயின்ற் கிளெயர் போர்ட்டி நைனர்ஸ் கழகத்தில் அதே கீசர் மைதானத்தில் ஆடினார். தொழில்முறை உதைபந்தாட்டத்தின் புகழ்மண்டபத்தில் மற்சனும் மார்கெற்றியும் 1972இலும், றொஸெல் 1985இலும், செயின்ற் கிளெயர் 1990இலும் இடம்பெற்றனர். பதினான்காம் இடத்துக்கு மேல் தரப்படாத அணியொன்றிலிருந்து மூன்று ஆட்டக்காரர் அங்கு சென்றிருப்பது, அந்நாளைய தரவரிசையாளரின் கண்பார்வையைப் பற்றியும் ஏதோ கூறுகின்றது.

பல்கலைக்கழகமோ வேறு வழியாகப் பெயர்பெற்றது. உதைபந்தாட்டம் நீங்கிய நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில், 1955இலும் 1956இலும், பில் றசெல், கே. சீ. ஜோன்ஸ் என்னும் கறுப்பின வீரரின் துணையோடு அதன் கூடைப்பந்தாட்ட அணி நாட்டின் வாகையைச் சூடியது. உதைபந்தாட்டம் பின்னர் சில காலம் சிறிய அளவில் அங்கு மீள முளைத்தும் நிலைக்கவில்லை. 1951இன் அணியைப் பற்றிய பேச்சும் நெடுங்காலம் அணியினரின் ஒன்றுகூடல்களுக்கு வெளியே அதிகம் கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டிலேயே செனற்றர் பார்பரா பொக்சர் அவ்வணிக்கு இழைக்கப்பட்ட அநீதியை ஏற்கும் தீர்மானத்தைச் செனற் சபையில் கொண்டுவந்தார். ரோலர் 2009இலும், மற்சன் 2011இலும், செயின்ற் கிளெயர் 2015இலும், மார்கெற்றி 2019இலும் மறைந்தனர்.

அப்பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியொன்று ஜேம்ஸ் பெலன் என்பவரின் பெயரைத் தாங்கியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவின் நகரபிதாவாகவும் செனற்றராகவும் இருந்த அவர், கலிபோர்னியாவை வெள்ளையர்க்கே உரியதாக வைத்திருக்க வேண்டும் என்ற முழக்கத்தோடு தேர்தலில் நின்றவர். அப்பெயரை நீக்குமாறு மாணவர் கேட்டனர். 2017இல் அக்கட்டடத்திற்குப் பேர்ல் ரோலர் மண்டபம் எனப் பெயரிடப்பட்டது.